ஆஹா சொல்லக் கூடாத அறை

என் அண்ணன் மனைவிக்கு மூக்கு உண்டு. நல்ல எடுப்பான மூக்கு. பெண் பார்த்துவிட்டு வந்த அன்றைக்கே எங்கள் வீட்டில் எல்லோரும் மூக்கும் முழியுமாக இருக்கிறாள் என்றுதான் சொன்னார்கள். ஆனால் அந்த மூக்குக்கு மூச்சு விடுவதைத் தவிர வேறு வேலை தெரியாது. பிறந்ததிலிருந்தே அண்ணிக்கு வாசனை என்ற ஒன்று கிடையாது. ரோஜாப்பூவும் ஒன்றுதான், அள்ளாமல் கிடக்கும் குப்பைத் தொட்டியும் ஒன்றுதான்.

இப்படிப்பட்டவர் எங்கே போய் வேலைக்குச் சேர்ந்தார் என்று கேளுங்கள். நெல் ஆராய்ச்சி நிலையத்தில், அதுவும் வாசனை நெல் பிரிவில்! கேள்விப்பட்ட அன்று நான் சிரித்த சிரிப்பில் அடுத்த வீட்டு ஜன்னல் திறந்தது. "பாட்டே கேக்காதவங்களைப் பாட்டுப் போட்டிக்கு நடுவரா போட்ட மாதிரி இருக்கு அண்ணி" என்றேன். அண்ணிக்குக் கோபம் வரவில்லை. "நடுவர் வேற, மைக் செட்காரர் வேற. நான் மைக் செட்" என்றார்.

என்னைப் பற்றி ஒரு வரி சொல்லிவிடுகிறேன். அண்ணனுக்குத் தங்கையான நான் மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறேன். அண்ணனும் அண்ணியும் அவர்கள் பெண்ணும் கீழ்த்தளத்தில், நான் மாடியில். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை, ஏன் என்று கேட்பவர்களிடம் நான் நல்ல முறையில் பேசுவதில்லை. மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று அண்ணன் சொல்வான். வரும்தான், அதற்கென்ன? அண்ணன் குளிர்சாதனப் பெட்டி பழுது பார்ப்பவன். நாக்கும் மூக்கும்தான் அவனுக்கு உலகம். அடுப்பில் மூடியைத் திறந்தால் போதும், எந்த மூலையில் இருந்தாலும் "ஆஹா!" என்று குரல் கொடுத்துக்கொண்டு வந்துவிடுவான்.

அண்ணிக்கே தனக்கு இப்படி ஒரு குறை இருப்பது ரொம்ப நாள் தெரியாதாம். சின்ன வயதில், அடுப்பில் ஏதாவது வெந்துகொண்டிருந்தால், "வாசனை மூக்கைத் துளைக்குது" என்பார்களாம் வீட்டில். இவர் ஓடிப்போய்க் கண்ணாடியில் மூக்கைப் பார்ப்பாராம், ஓட்டை எதுவும் விழுந்திருக்கிறதா என்று. பிறகு, வாசனை என்பது ஒரு மரியாதைப் பேச்சு என்று முடிவு கட்டிவிட்டார். யாராவது "நல்லா இருக்கியா" என்று கேட்டால், காய்ச்சலில் கிடந்தாலும் "நல்லா இருக்கேன்" என்கிறோம் இல்லையா, அந்த மாதிரி. கையில் பூவைக் கொடுத்தால் மூக்கருகே கொண்டுபோய்க் கண்ணை மூடிக்கொண்டு மகிழ்ச்சியாக ஏதாவது சொல்ல வேண்டும், அதுதான் முறை. இவரும் முறை தவறாமல் சொன்னார். எல்லோரும் தன்னைப் போலத்தான் சும்மா சொல்கிறார்கள் என்று நினைத்தார்.

கல்லூரியில் குட்டு உடைந்தது. வேதியியல் வகுப்பில் யாரோ எதையோ தப்பாகக் கலந்து, அழுகிய முட்டை நாற்றம் அறை முழுக்கப் பரவி, மொத்த வகுப்பும் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடியது. அண்ணி மட்டும் தன் சோதனைக் குழாயைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றார். வாத்தியார் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு உள்ளே வந்து, கையைப் பிடித்து இழுத்துப் போனார். "உனக்கு நாறலையா?" என்று அவர் கேட்டதற்கு, "நாறணுமா சார்?" என்று கேட்டாராம் அண்ணி.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போய், "நீங்க எல்லாரும் நிஜமாவே எதையோ உணர்றீங்களா?" என்று தன் அம்மாவைக் கேட்டிருக்கிறார். பிறகு கதவைச் சாத்திக்கொண்டு அழுதிருக்கிறார். "வாசனை தெரியலைங்கிறதுக்கு அழல. இல்லாத ஒண்ணுக்கு எப்படி அழுறது? எல்லாரும் ஒரு வீட்டுக்குள்ள இருந்திருக்காங்க, நான் மட்டும் வாசல்ல நின்னு உள்ளே இருக்கிற மாதிரி நடிச்சிருக்கேன். அதுக்குத்தான் அழுதேன்" என்று ஒருமுறை என்னிடம் சொன்னார். சொல்லும்போது காய்கறி நறுக்கிக்கொண்டிருந்தார். கையில் வெங்காயம் இல்லை என்பது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

வேறு ஒருத்தியாக இருந்தால் வாசனை என்ற பேச்சையே வெறுத்திருப்பாள். இவருக்கு அதுவே பித்தாகிவிட்டது. எல்லோரும் உணர்கிற அந்த வஸ்து என்ன? எங்கிருந்து வருகிறது? வாசனை நெல் பிரிவில் டி.என்.ஏ. மார்க்கர் என்ற மரபணு அடையாளங்களை வைத்து வேலை செய்ய ஆய்வக உதவியாளர் வேண்டும் என்று விளம்பரம் வந்தபோது, அண்ணி முந்திக்கொண்டு விண்ணப்பித்தார். மூக்கால் தெரியாத வாசனையை அங்கே கண்ணால் பார்க்கலாமே!

எனக்கு அந்த வேலை விளங்கவே ரொம்ப நாள் ஆயிற்று. விவசாயிகள் தலைமுறை தலைமுறையாக வைத்திருக்கும் பழைய வாசனை நெல் ரகங்கள் பல இடங்களிலிருந்து அந்த நிலையத்துக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. ஒரே பெயரில் நாலு நெல் இருக்கும், நாலும் வேறு வேறாக இருக்கும். நாலு பெயரில் வருவது ஒரே நெல்லாகவும் இருக்கும். எது எதற்குச் சொந்தம், எது யாரோடும் ஒட்டாதது, உண்மையில் எத்தனை வகை கையில் இருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும்.

"செடியோட உயிரணுவுக்குள்ள நீளமா ஒரு எழுத்து வரிசை இருக்கு" என்று ஒருநாள் சாப்பாட்டு மேஜையில் எனக்கு வகுப்பெடுத்தார் அண்ணி. "அதுல சில இடங்கள்ல ஒரே எழுத்துங்க திக்குவாய் மாதிரி திரும்பத் திரும்ப வரும். ஒரு வம்சத்துல கொஞ்சம் திக்கும், இன்னொரு வம்சத்துல நிறைய திக்கும். எங்கெங்க எவ்வளவு திக்குதுன்னு பார்த்தா, யார் யாருக்குச் சொந்தம்னு சொல்லிடலாம்."

"அதைக் கண்ணால எப்படிப் பார்ப்பீங்க?"

"இலையை அரைச்சு டி.என்.ஏ.வைப் பிரிச்சு எடுப்போம். நமக்கு வேண்டிய துண்டை மட்டும் ஒரு மெஷின்ல வெச்சுக் கோடிக்கணக்கா பெருக்குவோம். அதை ஜெல்லுல, அதாவது தளதளன்னு ஆடுற ஒரு கெட்டிக் கூழுல, ஊத்தி மின்சாரம் விட்டா, குட்டைத் துண்டு கீழ்ப்பக்கமா முன்னால ஓடிடும். நீளமானது பின்னால நின்னுடும். விளக்குல பார்த்தா கோடு கோடா தெரியும்."

"பஸ்ஸுல ஒல்லியா இருக்கிறவன் முன்னாடி நுழைஞ்சிடுவான், நம்ம மாதிரி ஆளு படியிலயே நிப்போம்" என்றான் அண்ணன், வாயில் சோற்றோடு. அது சரியான விளக்கம்தான் என்று அண்ணி ஒப்புக்கொண்டார்.

வாசனைக்கும் தனியாக ஒரு மார்க்கர் இருக்கிறதாம். நெல்லுக்குள் ஒரு மரபணு இருக்கிறது, வாசனை சேரவிடாமல் அதன் மூலப்பொருளை அவ்வப்போது துப்புரவாக்குவது அதன் வேலை. சில நெல்லில் அந்த மரபணு உடைந்து போயிருக்கும். துப்புரவு நடக்காது, மூலப்பொருள் தேங்கும், நெல் மணக்கும். உடைந்ததில் ஒரு சின்னத் துண்டு குறைவதால், ஜெல்லில் மணக்கிற நெல்லின் கோடு கீழே இறங்கிவிடும், மணக்காததின் கோடு மேலேயே நிற்கும்.

"அப்போ ஒருத்தன் வேலை செய்யாததுதான் வாசனையா?" என்றேன்.

"ஆமா. உங்க அண்ணன் ஞாயித்துக்கிழமை இருக்கிற மாதிரி" என்றார் அண்ணி.

இனி அந்த அறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஜெல் என்ன சொன்னாலும், நெல் நிஜமாகவே மணக்கிறதா என்று மூக்கு வைத்தும் பார்ப்பார்கள். இலையைப் பொடியாக நறுக்கிக் காரக் கரைசலில் போட்டு, எண் மட்டும் போட்ட சின்னக் கண்ணாடிக் கிண்ணங்களில் மூடி வைப்பார்கள். கொஞ்ச நேரம் கழித்து நாலைந்து பேர் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, ஒவ்வொன்றாகத் திறந்து முகர்ந்து, மணமே இல்லாததற்குப் பூஜ்யம், தூக்கலாக மணப்பதற்கு மூன்று என்று மதிப்பெண் போடுவார்கள்.

அந்தக் குழுவில் மூத்தவர் வயல் மேற்பார்வையாளர். நெல்லோடேயே வாழ்ந்த மனிதர். ஒருநாள் ஒரு கிண்ணத்தைத் திறந்தார், கண்ணை மூடினார், "ஆஹா!" என்றார். கிண்ணம் மேஜையைச் சுற்றி வந்தது. எல்லோரும் முகர்ந்தார்கள், எல்லோரும் தலையாட்டினார்கள், எல்லோரும் மூன்று போட்டார்கள். மறுநாள் அண்ணி எடுத்த ஜெல்லில் அந்த இலையின் கோடு அசையாமல் மேலே நின்றது. ஆய்வகத் தலைவி, அவரை எல்லோரும் மேடம் என்பார்கள், குழாய் ஏதோ மாறிவிட்டது என்று நினைத்தார். திரும்ப எடுத்தார்கள், அதே கோடு. கடைசியில் எந்த எண் எந்த நெல் என்று பிரித்துப் பார்த்தால், அது சோதனைக்காக நடுவில் கலந்து வைத்த, வாசனையே இல்லாத சாதாரண நெல்!

மொத்தக் குழுவுக்கும் மூக்கறுந்து போனது. அன்றிலிருந்து மேற்பார்வையாளருக்கு ஆஹா சார் என்று பெயர். நல்ல மனிதர், அவரே சிரித்துக்கொண்டார். மேடம் கோபப்படாமல் நாற்காலிகளை எல்லாம் சுவரைப் பார்த்துத் திருப்பிப் போடச் சொன்னார். 'இந்த அறையில் ஆஹா சொல்லக் கூடாது' என்று எழுதிக் கதவில் ஒட்டச் சொன்னார். கிண்ணங்களை எடுத்துக் கொடுக்கும் பொறுப்பு அண்ணிக்கு. எந்தக் கிண்ணம் மணக்கிறது என்று அவருக்குத் தெரியாது, தெரியாதது முகத்திலும் வராது. அந்த வேலைக்கு அவரை விட்டால் ஆள் கிடையாது.

இதை வீட்டில் வந்து சொன்னபோது அண்ணி குழந்தை மாதிரிக் குதித்தார். "வாசனை தெரிஞ்சவங்ககூட நடிக்கிறாங்கடி! நான் ஒருத்திதான்னு நினைச்சேன்!" என்று என் தோளைப் பிடித்துக் குலுக்கினார். அண்ணன் அதற்குள் அடுப்படிக்குப் போய் மூடியைத் திறந்தான். "ஆஹா! என்ன வாசனை!" என்றான். அவன் காலைக் கட்டிக்கொண்டு நின்ற பெண்குழந்தை, அண்ணாந்து அப்பாவின் வாயைப் பார்த்தது. பிறகு அம்மாவைப் பார்த்தது. அப்புறம் ரொம்பச் சின்னக் குரலில், "ஆஹா" என்றது.

அண்ணியின் கை என் தோளிலிருந்து நழுவியது.

அந்தக் குழந்தையை நாங்கள் சிட்டு என்று கூப்பிடுவோம். பள்ளிக்கூடத்தில் சேர்ந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. அடுத்த வாரமே அவளுடைய டீச்சர் வாசலில் அண்ணியை நிறுத்திப் பேசினார். வகுப்பில் பிள்ளைகளின் கண்ணைக் கட்டிவிட்டு சோப்பு, எலுமிச்சை, காப்பித்தூள் என்று முகரக் கொடுத்திருக்கிறார்கள். எல்லாப் பிள்ளைகளும் சொல்லிவிட்டார்கள். சிட்டு மட்டும் ஒவ்வொன்றுக்கும் "தெரியல" என்றாளாம்.

அன்று வீட்டில் வெடித்தது.

"சளி பிடிச்சிருக்கும்" என்றான் அண்ணன்.

"பிடிக்கல."

"அப்போ விளையாட்டுக்குச் சொல்லியிருப்பா. என் பொண்ணுக்கு ஒரு குறையும் இல்ல."

"குறைன்னு நீங்கதான் சொல்றீங்க. எனக்குத் தெரிஞ்சாகணுங்க. அவளும் என்னை மாதிரியே இருந்தா இப்பவே சொல்லிடணும். இல்லேன்னா வருஷக்கணக்கா பக்கத்துல இருக்கிறவங்க வாயைப் பார்த்துப் பார்த்து நடிப்பா. அது எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியாது."

"உன் லேபை வீட்டுக்குள்ள கொண்டு வராதே. அவ எலி இல்ல!"

நான் சும்மா இருந்திருக்கலாம். இருந்தேனா? மூக்கை நுழைத்தேன். "சின்னப் பிள்ளை அண்ணி, வளர்ந்தா சரியாகிடும்" என்றேன். அண்ணி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! "எனக்கு இன்னும் சரியாகல. நான் இன்னும் வளரணுமோ?" என்றார். வாயை மூடிக்கொண்டு மாடிக்குப் போனேன். மூக்கு டாக்டரிடம் காட்டினார்கள். உள்ளே அடைப்பு ஒன்றும் இல்லை, குழந்தை சொல்கிற பதிலை வைத்துத்தான் மேற்கொண்டு சொல்ல முடியும், கொஞ்சம் பெரியவளாகட்டும் என்று அவர் அனுப்பிவிட்டார். காத்திருப்பது சுலபம் என்று டாக்டர்களுக்கு யார் சொன்னார்களோ.

இந்தச் சமயத்தில்தான் நான் அந்த அறைக்குள் போக நேர்ந்தது. குழுவில் ஒருவருக்கு ஜலதோஷம். "உன் மூக்குதான் தெருவுக்கே தெரிஞ்ச மூக்காச்சே, வா" என்று அண்ணி கூட்டிப்போனார். எல்லோருக்கும் தலைவலி கொடுத்துக்கொண்டிருந்த ஒரு நெல் அன்றைக்கு முக்கியம். ஆய்வகத்தில் அதற்கு அடம் என்று செல்லப்பெயர். கொண்டுவந்து கொடுத்த விவசாயி, சமைத்தால் தெருவே மணக்கும் என்று அடித்துச் சொல்லியிருந்தார். ஜெல்லில் கோடு மேலேயே நின்றது, அதாவது மணக்காது என்று. அண்ணி எத்தனை முறை புதிய இலையில் எடுத்தாலும் அதே இடம்.

சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன். எனக்கு எதிரில் சுண்ணாம்பும் ஒரு ஆணியும்தான். அண்ணி பின்னாலிருந்து கிண்ணங்களை ஒவ்வொன்றாக என் கைக்குக் கொடுத்தார். சிலதில் வெறும் புல். ஒன்றைத் திறந்ததும் எனக்கு வாய் தானாகத் திறந்தது. கதவில் ஒட்டியிருந்த காகிதம் நினைவுக்கு வந்து கையால் பொத்திக்கொண்டேன். பேசாமல் மூன்று என்று எழுதினேன். பக்கத்து நாற்காலியில் ஆஹா சாரும் மூச்சுக்கூட விடாமல் எழுதிக்கொண்டிருந்தார்.

பிரித்துப் பார்த்தால், யார் முகத்தையும் பார்க்காமல் அத்தனை பேரும் அடத்துக்கு மூன்று போட்டிருந்தோம். ஜெல் இல்லை என்கிறது, மூக்கு உண்டு என்கிறது. மேடத்துக்கு முகமெல்லாம் பல். "அப்போ இது வேற எங்கேயோ உடைஞ்சிருக்கு. நாம பார்க்கிற இடத்துல உடையல. தேடுவோம்" என்றார். சொந்த பந்தம் பார்க்க வரைந்த கிளைப் படத்தைக் காட்டினார். மற்ற நெல்லெல்லாம் கூட்டம் கூட்டமாகப் பக்கத்துப் பக்கத்துக் கிளையில் இருக்க, அடம் மட்டும் ஒரு ஓரத்தில் தனிக்கிளையில் நின்றது. மணம் ஒன்றுதான், அது வந்த வழி வேறு. எனக்கே உடம்பு சிலிர்த்தது.

கிளம்பும்போது அண்ணி தயங்கித் தயங்கிக் கேட்டுவிட்டார். "மேடம், என் பொண்ணோட ரத்தத்துல பார்த்துச் சொல்ல முடியுமா? அவளுக்கு என் மூக்கா, அவங்க அப்பா மூக்கான்னு?"

மேடம் சிரிக்கவில்லை. "மனுஷங்களுக்கு மூக்கு வேலை செய்யாததுக்கு எத்தனையோ காரணம் இருக்கும்மா. உங்களுக்கு எதுன்னே தெரியாது. எங்கே தேடுறதுன்னு தெரியாம எந்தக் கோட்டைப் பார்க்கிறது? இன்னிக்கு அடம் என்ன பண்ணுச்சுன்னு பார்த்தீங்கல்ல. மூக்கைத்தான் கேக்கணும். முகத்தைப் பார்க்க விடாம கேளுங்க" என்றார்.

பேருந்து எங்கள் நிறுத்தத்துக்கு வந்தது. இறங்கும்போது, "நீ சமைக்கிறியா?" என்று மட்டும் கேட்டார். என்ன கேட்கிறார் என்று எனக்குப் புரிந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்ணனை வீட்டை விட்டு விரட்டினேன். அவன் முகத்தை வைத்துக்கொண்டு எந்தச் சோதனையும் நடத்த முடியாது. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே நின்றான், மாட்டி முடிக்கவே மாட்டேன் என்கிறான். "எனக்கு ஒண்ணும் பயம் இல்ல" என்றான். கண் கலங்கியிருந்தது. "போண்ணா, எதுவா இருந்தாலும் நம்ம சிட்டுதானே" என்று கதவைச் சாத்தினேன். சாத்திவிட்டு நானும் கொஞ்சம் அழுதேன், அதை யாரும் பார்க்கவில்லை.

ஏற்பாடு இதுதான். நான் மாடியில் இரண்டு அரிசியைச் சமைப்பேன். ஒன்று வாசனை அரிசி, ஒன்று சாதாரணம். மூன்று ஒரே மாதிரிக் கிண்ணங்கள். இரண்டில் சாதாரணச் சோறு, ஒன்றில் மட்டும் வாசனைச் சோறு. மூடி போட்டு, அடியில் குறி வைத்து, மாடிப்படி முனையில் தட்டோடு வைத்துவிட்டு உள்ளே போய்விடுவேன். என் முகத்தில்தான் எல்லாம் எழுதி ஒட்டியிருக்குமே, அதனால் நான் கீழே வரக் கூடாது. எது எது என்று தெரியாத அண்ணி, தெரிந்துகொள்ளவும் முடியாத அண்ணி, எடுத்துப்போய்ச் சிட்டு முன்னால் வைப்பார்.

"இதுல ரெண்டு பேரு அண்ணன் தம்பி. ஒருத்தர் விருந்தாளி. விருந்தாளி யாருன்னு கண்டுபிடி" என்று அண்ணி சொல்வது மாடிவரை கேட்டது. குழந்தை கண்ணைக் கட்டிக்கொண்டு ஒவ்வொன்றாக முகரும் சத்தமும் கேட்டது. அண்ணி எழுதிக்கொள்வார். தட்டு திரும்ப மேலே வரும். நான் சூடு பண்ணி, மாற்றி மாற்றி வைத்து, மறுபடி அனுப்புவேன். பத்துப் பன்னிரண்டு தடவை இப்படி நடந்தது. எனக்கு அடுப்புச் சூட்டில் வேர்த்ததா, பயத்தில் வேர்த்ததா தெரியாது.

முடிந்ததும் கீழே வந்து, படியில் உட்கார்ந்து, என் குறிப்பையும் அண்ணியின் குறிப்பையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். முதலாவது தப்பு. இரண்டாவது தப்பு. மூன்றாவது, நாலாவது… கடைசிவரை இறங்கினேன். ஒன்றுகூடச் சரியில்லை. சிட்டு ஒரே ஒரு தடவைகூட விருந்தாளியைக் காட்டவில்லை.

"அண்ணி" என்றேன். வாயைப் பொத்திக்கொண்டு விசும்ப ஆரம்பித்துவிட்டேன்.

அண்ணி காகிதங்களை என் கையிலிருந்து வாங்கினார். பார்த்தார். முகம் வெளுத்தது. படியைப் பிடித்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். என்ன ஆறுதல் சொல்வது என்று நான் தடுமாறிக்கொண்டிருந்தபோது, அவர் விரலை வைத்து மறுபடி மேலிருந்து கீழே வந்தார். புருவம் நெரிந்தது.

"இரு, அழாதே. எல்லாமேவா தப்பு?"

"எல்லாமே அண்ணி. ஒண்ணுகூட இல்ல."

"அது எப்படி? மூணு கிண்ணம் இருக்கு. எதுவும் தெரியாம, சும்மா கையைக் காட்டினாக்கூட மூணுல ஒண்ணு சரியா விழும். எனக்கு வெச்சிருந்தா எனக்கே மூணோ நாலோ சரியா வந்திருக்கும்டி."

"அதனால?"

"ஒவ்வொரு தடவையும் தப்பாவே காட்டணும்னா, சரி எதுன்னு தெரிஞ்சிருக்கணும்ல?"

நான் வாயைப் பிளந்தேன். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் எழுந்து அறைக்குள் ஓடினோம்.

கண்கட்டு கழுத்தில் தொங்க, சிட்டு மேஜைக்கு அடியில் உட்கார்ந்திருந்தாள். கடைசித் தட்டில் போன மூன்று கிண்ணங்களில் இரண்டு மூடியபடி அப்படியே இருந்தன. மூன்றாவது அவள் மடியில் இருந்தது, பாதி காலி. நான் குனிந்து அதன் அடியில் பார்த்தேன். விருந்தாளிக் கிண்ணம்.

அண்ணி தரையில் மண்டியிட்டு மேஜைக்கு அடியில் தலையை நுழைத்தார். "சிட்டு, உனக்கு வாசனை தெரியுமா?"

"தெரியாது." வாய் நிறையச் சோறு.

"நிஜமா சொல்லு."

குழந்தை என்னைப் பார்த்தது, அம்மாவைப் பார்த்தது, சோற்றை விழுங்கியது. "அப்பாகிட்ட சொல்ல மாட்டியே?"

"மாட்டேன்."

"தெரியும்."

"அப்புறம் ஏன் தெரியாதுன்னு சொன்ன? ஸ்கூல்லயும் சொன்னியாமே?"

"அப்பாவுக்குத் தெரியும். அத்தைக்குத் தெரியும். எல்லாருக்கும் தெரியும். உன் பக்கம்தான் யாருமே இல்ல. அதான் நான் வந்துட்டேன்."

வருஷக் கணக்கில் அண்ணியின் மூக்கை வைத்து நான் அடித்த நகைச்சுவை எல்லாவற்றையும் இந்தப் பொடிசு கேட்டுக்கொண்டல்லவா இருந்திருக்கிறது!

அண்ணி அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. சிட்டுவின் கன்னத்தில் ஒட்டியிருந்த பருக்கையைத் துடைத்தார். "நீ என் பக்கம் வர வேண்டாம்டி செல்லம். நீ அந்தப் பக்கமே இரு. அங்கே இருந்து எனக்குச் சொல்லு. எனக்குச் சொல்ல ஆள் வேணும்."

"என்ன சொல்லணும்?"

"என்ன வேணா. இப்போ என்ன வருது, சொல்லு."

ரகசியத்தை இறக்கிவைத்த நிம்மதியில் சிட்டு மேஜைக்கு அடியிலிருந்து தவழ்ந்து வந்தாள். கிண்ணத்தில் மூக்கை விட்டு ஒரு இழுப்பு இழுத்தாள். "இதுவா? இது நீதானே."

"நானா?"

"நீ வேலைக்குப் போயிட்டு வந்து என்னைத் தூக்குவல்ல, அப்போ இதுதான் வரும். உன் சட்டையில, கழுத்துல, முடியில எல்லாம். அதான் விருந்தாளி யாருன்னு எனக்கு உடனே தெரிஞ்சுது. எல்லாத் தடவையும் நீதான் விருந்தாளி."

அண்ணி மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார். "நிஜமா?"

நிஜம்தான். பகலெல்லாம் அந்த இலையை அரைக்கிறவர், அந்த அரிசியை வேகவைத்துப் பார்க்கிறவர் மேல் அந்த மணம் ஏறாமல் வேறு எங்கே போகும்? சாயங்காலம் கதவைத் திறந்து அவர் உள்ளே வந்தால் வீடே லேசாக மணக்கும். எத்தனையோ வருஷமாக எனக்கு அது தெரியும். அண்ணனுக்கும் தெரியும். அது எங்களுக்கு அண்ணி வந்துவிட்டார் என்பதற்கான அடையாளம், அவ்வளவுதான். அதைப் போய் அவரிடம் சொல்ல வேண்டும் என்று எங்களில் ஒருத்தருக்கும் தோன்றியதே இல்லை.

"ஆமா அண்ணி" என்றேன்.

"நீ சொல்லவே இல்லையே?"

"உங்களுக்குத் தெரியும்னு நினைச்சிட்டேன்" என்று என் வாயில் வந்துவிட்டது. சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்பது உறைத்தது.

அண்ணி எழுந்து போனார். கதவுக்குப் பின்னால், ஆய்வகத்துக்குப் போட்டுப் போகும் வெள்ளை அங்கி துவைப்பதற்காகத் தொங்கிக்கொண்டிருந்தது. அதைக் கையில் எடுத்து முகத்தை முழுக்கப் புதைத்து, நெஞ்சு விரிய ஒருமுறை இழுத்தார். நிமிர்ந்தார். ஒன்றும் வரவில்லை என்பது முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. சிட்டு ஆவலாக அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணி அவளைப் பார்த்துச் சிரித்துவிட்டு, மறுபடியும் அங்கியில் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.